கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு வேன்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ7 வீதியில், தலவாக்கலைக்குக் கிட்டே, சென் கிளேயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவில் வாகனம் நிற்காத நாளில்லை. 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காக ஆற்றைத் திருப்பிய பிறகு அருவியில் பழைய வீச்சு இல்லை. ஆனாலும் பார்க்க வருகிறவர்கள் குறையவில்லை. இப்போது அங்கே புது வகை வேன் ஒன்றையும் காணலாம். பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டிருக்கும். ஜன்னலுக்குத் திரை. பின்கதவைத் தூக்கினால் சின்ன காஸ் அடுப்பு, தண்ணீர்க் கான், இரண்டு மடக்குக் கதிரை. நரைத்த தலையோடு ஒரு வெளிநாட்டுத் தம்பதி வீதியோரத்தில் தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, எந்த அவசரமும் இல்லாமல் அடுத்த வளைவுக்குக் கிளம்புகிறது.

எதிர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணை அவர்கள் படம் பிடிப்பதைப் பற்றி எழுதி எழுதித் தேய்த்தாகிவிட்டது. கேட்க வேண்டியது வேறு. அந்தப் பெண்ணும் அவர் கணவரும் 60 வயதில் வேலையை விட்டு லயத்தில் உட்காரும்போது, இதே வளைவுக்கு ஒரு காரணமும் இல்லாமல், சும்மா பார்ப்பதற்கென்று வந்து நிற்பார்களா?

பெரும்பாலும் மாட்டார்கள். அதற்கு ஆசை இல்லாதது காரணமல்ல.

ஓய்வுக்காலத்தில் வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புவது வட அமெரிக்காவில் ஒரு வாழ்க்கை முறை. கனடாவில் வின்னிபெக்கிலிருந்து கல்கரி வரை ஏறத்தாழ 1,300 கிலோமீற்றருக்குப் புல்வெளியும் கோதுமை வயலுமாகவே கிடக்கும். அதைக் கடந்த பிறகுதான் ரொக்கி மலைகள் எழும்பும். ட்ரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை அந்த மலைகளைத் தாண்டும் கிக்கிங் ஹோர்ஸ் கணவாய் 1,630 மீற்றர் உயரத்துக்குக் கிட்ட வரும். நுவரெலியா நகரம் இருப்பது 1,868 மீற்றரில். அதாவது கனடியர் நாட்கணக்கில் ஓட்டிப் போய் ஏறும் உயரத்தை, நுவரெலியா பஸ் நிலையத்தில் ஹட்டன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பாட்டி ஏற்கெனவே தாண்டி நிற்கிறார்.

அந்த வேனை ஓட்டுவது டீசல் என்று தோன்றும். உண்மையில் ஓட்டுவது ஓய்வூதியம். கனடாவில் 65 வயதிலிருந்து மாதாமாதம் வங்கிக் கணக்கில் முதியோர் ஓய்வூதியம் விழுகிறது. அமெரிக்காவில் 62 வயதான ஒருவர் 80 டொலரை ஒரு தடவை கட்டிவிட்டால் ஆயுளுக்கும் தேசியப் பூங்காக்களுக்குள் போய்வரலாம். எல்லாமே இன்பப் பயணம் என்று நினைத்துவிடவும் கூடாது. 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு வீட்டு வாடகை கட்ட முடியாமல் வேனில் வாழப் போன அமெரிக்க முதியவர்களைப் பற்றி ஜெசிக்கா ப்ரூடர் 2017 இல் எழுதிய நூல்தான் பின்னர் ‘நோமட்லாண்ட்’ என்ற படமாகி ஒஸ்கார் வாங்கியது. ஒரே வகை வேன்தான்; ஒருவர் அதில் ஊர் பார்க்கிறார், இன்னொருவருக்கு அதுவே வீடு. இரண்டையும் பிரிப்பது மாதம் பிறந்தால் வரும் அந்தப் பணம்.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. அதுவும் தேநீர் விற்ற தம்பதி. கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சின்னக் கடையை நடத்திய விஜயனும் மோகனாவும் தினமும் கொஞ்சம் எடுத்து வைத்து, போதாததற்கு வங்கிக் கடன் வாங்கி, ஊர் சுற்றிவிட்டு வந்து அந்தக் கடனை அடைத்து, பிறகு அடுத்த நாட்டுக்குக் கடன் வாங்கி, இப்படியே 26 நாடுகளைப் பார்த்தார்கள். கடைசியாகப் போனது ரஷ்யா. அங்கிருந்து திரும்பிய சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார். இவர்கள் ஓய்வு பெற்றவர்கள் அல்லர். கேம்பர் வேனும் இல்லை. ஆனாலும் கையில் காசு மிஞ்சியவர்களுக்குத்தான் ஊர் சுற்றும் ஆசை வரும் என்ற பேச்சை இவர்களைப் போல் யாரும் பொய்யாக்கியதில்லை. கொச்சியில் அவர்கள் கண்ணாடிக் குவளையில் ஊற்றிய தேயிலையைப் பறித்த கைகள் மூணாறிலோ நீலகிரியிலோ இருந்திருக்கலாம். அந்தக் கைகளுக்குரியவர்கள் எந்த நாட்டைப் பார்த்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மலையகத்துக்கு வருவோம். பல ஆண்டு தோட்டத்தில் பேர் போட்டு ஓய்வு பெறும் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது? 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி, அதாவது தொழிலாளி 8 வீதம், கம்பனி 12 வீதம் சேர்த்த பணம். 1980 இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி கட்டிய 3 வீதம். 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருட சேவைக்கும் 14 நாள் சம்பளம். 30 வருடம் வேலை செய்தவருக்கு 420 நாள் சம்பளம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் ஓய்வு பெற்றவருக்குப் பணிக்கொடை 567,000 ரூபா வந்திருக்கும். முப்பது வருடம் மழையிலும் அட்டைக் கடியிலும் நின்றதற்கு இதைப் பெரிய தொகை என்று சொல்ல மனம் வரவில்லை. அதற்காக ஒன்றுமேயில்லை என்றும் தள்ளிவிட முடியாது.

சிக்கல் தொகையில் பாதி, அது வரும் விதத்தில் மீதி. மூன்றுமே ஒரு தடவை வந்து முடிந்துபோகும் பணம். சேமலாப நிதிக் காசு வருகிறது என்ற செய்தி லயத்துக்கு வந்த அன்றே அதற்குச் செலவும் வந்துவிடும். மகளின் கல்யாணக் கடன், ஒழுகும் தகரக் கூரை, பேரனுக்கு ஓட்டோ எடுக்க முற்பணம். பதிவில் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருப்பவர்கள் அதையும் கையில் எடுக்க அலைய வேண்டும். காசு தீர்ந்த பிறகு மிச்சமிருக்கும் இருபது வருடத்துக்கு மாதம் பிறந்தால் நம்பி இருக்கப் பெரிதாக எதுவும் இல்லை, பிள்ளைகள் கொடுப்பதைத் தவிர. ஓய்வூதியக்காரர் அடுத்த மாதத்தை நம்பி வேனை எடுக்கிறார். இவர்களுக்கு நம்புவதற்கு அந்த அடுத்த மாதம் இல்லை.

இன்னொன்று வரலாற்றில் இருக்கிறது. இந்த மக்கள் செய்த பெரிய பயணங்கள் எதுவுமே அவர்கள் விரும்பிச் செய்ததல்ல. 1820களில் கோப்பித் தோட்டத்துக்கென்று மன்னார்க் கரையில் இறக்கப்பட்டவர்கள் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குச் சரியான கணக்குக்கூட இல்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் இருந்த இடத்திலேயே அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. ஒரே காம்பராவில் வளர்ந்த அண்ணன் ஒரு பக்கமும் தங்கச்சி ஒரு பக்கமுமாகப் போனார்கள். இந்தியாவுக்குப் போனவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. 1977 இலும் 1983 இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் கையில் எடுத்துக்கொண்ட மூட்டையைப் பயணப் பை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2023 இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 இல் கிளம்பி ஓகஸ்ட் 12 இல் போய்ச் சேர்ந்தார்கள். அதன் அரசியல் கோரிக்கைகளைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதிகம் பேசப்படாதது ஒன்று: கொண்டுவரப்பட்ட வழியில், இந்தத் தடவை தம் விருப்பத்தோடு கால் வைத்தார்கள். தானாக நினைத்து, தனக்குப் பிடித்த திசைக்குக் கிளம்புவது இந்தச் சமூகத்துக்கு இன்னும் புதுசு. அதனால்தான் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத் தம்பதி ஊர் பார்க்கப் போவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியவில்லை.

கோயில் என்றால் மட்டும் கதை வேறு. டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலை. ஆடியில் கதிர்காமம். அதற்குப் பத்து வீடு சேர்ந்து வேன் பிடிக்கும். அந்த வேன் கிளம்புவதை ஒருதரம் பார்க்க வேண்டும். கூரையில் அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு, பெரிய அலுமினியச் சட்டி, சுருட்டிய பாய்கள். மேலே தறப்பாள் இழுத்துக் கட்டியிருக்கும். முன்சில்லுக்கு அடியில் எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு விபூதிப் பட்டை. பதினான்கு பேர் ஏற வேண்டியதில் இருபது பேர், மடியில் குழந்தைகள் கணக்கில் வராது. வெலிமடைப் பக்கம் வளைவுகள் தொடங்கும் முன்பே யாரோ ஒருவர் சித்தாலேப போத்தலைத் திறந்துவிடுவார், பொலித்தீன் பைகள் கைமாறும். எல்லவைத் தாண்டி இராவணன் அருவியில் ஒரு நிறுத்தம். வெல்லவாயவில் இறங்கும்போது காற்றுச் சூடாகி, ஸ்வெட்டர்கள் கழன்று மடிக்குப் போகும். புத்தளை - கதிர்காம வீதியில் யானை நின்றால் வேனுக்குள் முருகா முருகாதான். மாணிக்க கங்கைக் கரையில் அடுப்பு மூட்டி, சமைத்து, சாப்பிட்டு, பாய் விரித்துப் படுத்துவிட்டு அடுத்த நாள் செல்லக்கதிர்காமம்.

சமையல், படுக்கை, பயணம் எல்லாம் ஒரே வண்டியில். கேம்பர் வேன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மலையகம் இதைப் பல தலைமுறையாகச் செய்து வருகிறது.

குறையும் அதிலேயே இருக்கிறது. தோட்டத்தில் நாற்பது வருடம் விடியற்காலை எழுந்து சமைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போன அம்மா, மாணிக்க கங்கைக் கரையிலும் இருபது பேருக்குச் சமைக்கிறார். ஐயா வேப்ப மரத்தடியில் படுத்திருக்கிறார். இதை ஓய்வு என்று எண்ணுவது அநியாயம். வழியில் நல்ல மலசலகூடம் இல்லையென்று பல பெண்கள் தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள். வெளிநாட்டு வேன் எங்கே நிற்கலாம், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்று யோசிக்கும் சுற்றுலா அதிகாரிகள், ஒவ்வொரு வருடமும் இதே வீதிகளில் போகும் யாத்திரை வேன்களைச் சுற்றுலா என்ற கணக்கில் சேர்ப்பதேயில்லை போலிருக்கிறது. 2024 இல் நாட்டுக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள். அவர்களுக்காகப் போடப்படும் ஒரு மலசலகூடம் மஸ்கெலியாப் பாட்டிக்கும் உதவும். அது பாட்டி வரும் வழியில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சம்பளமே போதவில்லை, காணி இல்லை, வீடில்லை, இப்போது சுற்றுலாவா என்று ஒரு தொழிற்சங்கக்காரர் கேட்கலாம். கேட்கட்டும். காணியும் வீடும் கிடைக்கும் வரை மற்றதெல்லாம் காத்திருக்கட்டும் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு தலைமுறை கிழமாகிவிட்டது. அதுவுமில்லாமல், இங்கே கேட்பது புதிதாக எதையும் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லி அல்ல. அரச ஊழியர்களுக்கு வருடந்தோறும் குடும்பத்தோடு போய்வர ரயில் வொரண்ட் கிடைக்கிறது. திணைக்களங்களுக்கு நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் விடுமுறை பங்களாக்கள் இருக்கின்றன. ஒரு எழுதுவினைஞர் குடும்பம் நான்கு நாள் குளிரில் இருந்துவிட்டுப் போவது அவருடைய உரிமை. யாரும் அதை ஆடம்பரம் என்று சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

தோட்டங்கள் 1970களின் முதற்பாதியில் அரசுடைமையாகின. 1992 இல் கம்பனிகளுக்குக் கைமாறும் வரை ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமுமே அவற்றை நடத்தின. இப்போது 60 வயதில் பெயரை வெட்டிக்கொள்பவர் பதினெட்டு வயதில் வேலைக்கு வந்திருந்தால், அவர் முதல் முதலாகக் கொழுந்து நிறுத்தது அரசின் தராசில். அவருக்கும் அவர் துணைக்கும் வருடம் ஒரு ரயில் வொரண்ட் கொடுப்பது தானம் ஆகாது.

அந்த வொரண்ட்டைக் கொண்டு ஏற ஒரு ஆசனமும் வேண்டும். மலையக ரயில் பாதையே கோப்பியையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கப் போட்டது. 1885 இல் நானுஓயா வரை வந்தது, பதுளையை எட்ட 1924 ஆகிவிட்டது. இப்போது அதில் ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்பதை ஹட்டன் மேடையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். எல்லவுக்கான ஆசனச் சீட்டுகள் இணையத்தில் சில நொடிகளிலேயே தீர்ந்துபோய், பிறகு வெளிநாட்டவருக்குப் பல மடங்கு விலைக்கு விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் பெரிய விவகாரமாகி, கைதுகளும் நடந்தன. சிங்கமலைச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது வாசலில் தொங்கிப் படம் எடுப்பவருக்கு இடம் இருக்கிறது. உள்ளே மூட்டையோடு நிற்கும் கிழவருக்கு உட்கார இடமில்லை. ஒவ்வொரு மலையக ரயிலிலும் பத்து ஆசனத்தைத் தோட்டத்து முதியவர்களுக்கென்று ஹட்டன், நானுஓயா நிலையங்களின் கவுண்டரில் மட்டும் கொடுத்தால் ரயில்வேத் திணைக்களம் ஒன்றும் முழுகிவிடாது.

வீதியால் போவதற்கு இன்னும் கவனம் வேண்டும். 2023 ஜனவரி 20 இல் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்புப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி வந்த பஸ் ஒரு வேனிலும் ஓட்டோவிலும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். வேனில் வந்தது ஹட்டன் பக்கத்துக் குடும்பம். 2025 மே 11 இல் கொத்மலை கெரண்டி எல்லவில் கதிர்காமத்திலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். அதே வருடம் நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைச்சரிவுகளையே கரைத்து, வீதியையும் தண்டவாளத்தையும் பல இடங்களில் அறுத்துவிட்டது. எனவே பழைய வேனைப் பிடித்து இருபது பேரை அடைக்கும் முறையை அப்படியே தொடரச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. நல்ல பிரேக்கும் பழகிய சாரதியும் உள்ள வேன், ஆளுக்கொரு ஆசனம், பகல் ஓட்டம், குறுக்கு வீதி வேண்டாம். இந்த நான்குமாவது வேண்டும்.

யார் நடத்துவது? பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகள் பங்கெடுக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் தோட்ட நலனுக்கென்றே இருக்கிறது. துரை பங்களாக்களையும் மூடிய ஸ்டோர்களையும் ஹோட்டலாக்கத் தெரிந்த துறை இது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையும் ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை தோட்டப் பாதைகளிலேயே போடப்பட்டு, 22 பகுதியாகப் பிரிக்கப்பட்டு, வெளிநாட்டு உதவியோடு உலகத்துக்கு அறிமுகமானது. தோட்டத்துக்கு ஒரு பட்டியல் வைத்து, அந்த வருடம் பெயர் வெட்டிய தம்பதிகளை இரண்டு நாள் அனுப்பிவைக்க இந்தக் கம்பனிகளுக்கு ஆற்றல் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

அரசுகள் செய்த முன்மாதிரியும் உண்டு. மத்தியப் பிரதேச அரசு 60 வயதைத் தாண்டியவர்களை இலவச ரயிலில் தீர்த்த யாத்திரைக்கு அனுப்பும் திட்டத்தை 2012 இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் அறநிலையத் துறை முதியவர்களை இராமேஸ்வரத்திலிருந்து காசிக்கும், ஆறுபடை வீடுகளுக்கும் அழைத்துப் போய் வருகிறது. வாக்குக்காகச் செய்கிறார்கள் என்பார்கள். இருக்கலாம். மலையகத்திலும் வாக்கு இருக்கிறது. மைசூரைச் சேர்ந்த டி. கிருஷ்ணகுமார் தன் தாயாரை, அப்பா வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு 2018 ஜனவரியில் நாடு சுற்றக் கிளம்பியது இந்திய நாளேடுகளில் பரவலாக வந்த செய்தி. ஆயுள் முழுக்கக் கூட்டுக் குடும்பத்தின் சமையலறையிலேயே நின்ற அந்த அம்மா, பக்கத்திலிருந்த பேலூர்க் கோயிலைக்கூடப் பார்த்திருக்கவில்லை என்பது தெரிந்த பிறகுதான் மகனுக்கு அந்த எண்ணம் வந்தது.

நமக்குப் பேலூர் என்றால் ஹோர்ட்டன் சமவெளி. டயகமவில் மலையில் நின்று நிமிர்ந்தால் தெரியும் விளிம்புக்கு மேலே, 2,100 மீற்றருக்கும் உயரத்தில், 31 சதுர கிலோமீற்றர் சொச்சம் பரந்து கிடக்கிறது அந்தப் புல்வெளி. மரை கூட்டமாக மேயும். மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் புறப்படுகிறது. கனடாவில் 1,300 கிலோமீற்றர் விரிந்து கிடக்கும் புல்லையும், பிறகு வரும் மலையையும், இங்கே ஒரே காலையில் பார்த்து முடிக்கலாம். 1988 இல் தேசியப் பூங்காவானது; 2010 இல் மத்திய மலைநாட்டோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதற்குக் கீழே நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர்களில் அதைப் பார்க்காதவர்கள் ஏராளம். ரயிலில் ஒஹியாவில் இறங்கினால் பூங்கா மையத்துக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர் ஏற்றம். அறுபது வயது முழங்காலுக்கு அது நடக்கிற காரியமல்ல. வேன் தேவைப்படுவது அங்கேதான்.

நுவரெலியாவிலிருந்து அவர்களை ஏற்றிச் செல்ல ஒரு வேன், பூங்கா வாசலில் அனுமதிச் சீட்டுக் காசு கேட்காத ஒரு சுற்றறிக்கை, உள்ளே நல்ல மலசலகூடம், பகல் சாப்பாடு பொதி கட்டிக் கொடுக்க ஒரு கடை. அந்த அம்மா அன்று சமைக்கக் கூடாது. நேரத்தையும் இப்போதே சொல்லிவைக்கலாம்: பெப்ரவரியில், மழை குறைந்த நாட்களில். உலக முடிவில் பள்ளம் தெளிவாகத் தெரிவது காலையில்தான். பத்து மணிக்கெல்லாம் மூடுபனி ஏறிவிடும். ரயில் அவ்வளவு வேளைக்கு வராது. எனவே முந்திய நாளே நானுஓயாவுக்கு வந்து, நுவரெலியாவில் ஏதாவதொரு திணைக்கள பங்களாவில் இரவு தங்க வேண்டும், காலை நான்கு மணிக்கு எழும்ப வேண்டும். எழும்புவதைப் பற்றிக் கவலையில்லை. பங்களாவுக்குத்தான் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்.